அஞ்சலி முசே தேர்ந்தெடுத்த எழுத்து

உயிரோடு இருக்கும்போதே தன்னுடைய கண்ணீர் அஞ்சலியைக் கையில் வாங்கிப் படித்தவர்கள் உலகத்தில் வேறெங்காவது இருப்பார்களா, தெரியாது. முத்தியால்பேட்டையில் தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். அத்தனை பேருக்கும் அடித்துக் கொடுத்த புண்ணியவான் ஒருவர்தான், அஞ்சலி முசே.

பிரெஞ்சு ராணுவத்தில் ஏதோ ஓர் ஆபீசில் டைப் அடித்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். பெண்டாட்டி பிள்ளை கிடையாது. சித்திரை வெயிலிலும் கழற்றாத சாம்பல் நிறக் கோட்டு ஒன்று உண்டு. நடந்து வரும் சத்தமே கேட்காது. நாம் பாட்டுக்குக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொண்டிருப்போம், திரையில் ஒரு கோட்டு தெரியும். திடுக்கிட்டுத் திரும்பினால், “அந்த எழுத்து மூச்சு விடலையே தம்பி” என்பார். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால், முசே போதும் என்று விடுவார்.

நான் டி.டி.பி. கடை போட்ட புதுசு. லேசர் பிரிண்டர் என்பதே அப்போது ஊருக்கு அதிசயம். என் மனைவி கௌரியின் நகையெல்லாம் அந்த மெஷினுக்குள் போயிருந்தது. மெஷினோ, அதோடு வந்த தமிழ் எழுத்தைக் கொத்துப் பரோட்டா போட்டுத் துப்பியது. சுழிக்குள் மை அடைத்துக்கொள்ளும், மெல்லிய கோடு பாதியில் அறுந்துவிடும். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தவர்கள் ஒரு தாளைப் பார்த்துவிட்டுப் பழைய அச்சாபீசுக்கே திரும்பிப் போனார்கள். நல்ல எழுத்து, அதாவது ஃபான்ட், தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டிய சரக்கு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அது கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து ஃபான்ட் விற்க ஒருவர் வந்தார். ஒரு ஃபிளாப்பியில் குப்பலாக ஏகப்பட்ட ஃபான்ட். இன்னொன்றில் ஒன்றே ஒன்று, விலை மட்டும் அந்தக் குப்பலைவிட அதிகம். ஒரு குண்டான் சோறு இருக்க ஒரு பருக்கையை எவனாவது விலைக்கு வாங்குவானா? நான் குப்பலை எடுக்கக் கையை நீட்டினேன். தோளில் ஜில்லென்று ஒரு கை விழுந்தது.

“செத்துப் பாத்துட்டு வாங்கு தம்பி” என்றார் முசே.

சென்னைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. முசே நிதானமாக விளக்கினார். கல்யாணப் பத்திரிகையில் மண்டபத்தையும் தேதியையும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுவார்களாம். மனுஷன் எழுத்து எழுத்தாகப் படிப்பது சாவுச் சேதியை மட்டும்தானாம், அதுவும் தன்னுடையது என்றால் புள்ளியைக்கூட விடமாட்டானாம். சொல்லிக்கொண்டே உட்கார்ந்து என் பெயர், அப்பா பெயர், வயசு எல்லாம் போட்டு, ‘அகால மரணமடைந்தார்’ என்று அடித்து முடித்துவிட்டார்.

குப்பலில் இருந்த ஃபான்ட்டுகளில் ஒவ்வொன்றாக நான் செத்தேன். ஒன்றில் பார்த்தால் சர்க்கஸ் நோட்டீஸ் மாதிரி இருந்தது, இன்னொன்றில் பனியன் விளம்பரம். கௌரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “சர்க்கஸ் எழுத்துல போட்டா எமனே நம்பமாட்டான் முசே” என்றாள்.

கடைசியாக அந்த ஒற்றை ஃபான்ட் வெளியே வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. கறுப்பு அத்தனை கறுப்பு, சுழி ஒவ்வொன்றும் திறந்த கண்ணாக என்னையே பார்த்தது. படித்து முடித்தேன். அடப்பாவமே, நல்ல பிள்ளையாச்சே என்று என்னைப் பற்றியே நினைத்துக்கொண்டேன். கௌரியின் கை தானாகத் தாலிக்குப் போனது. விற்க வந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். முசே மட்டும், காய்ச்சல் பார்ப்பதுபோலத் தாளின்மேல் புறங்கையை வைத்தார். லேசர் தாள் வெளியே வரும்போது வெதுவெதுவென்று இருக்கும் அல்லவா?

“சூடு இருக்குது. பொழச்சுக்குவே” என்றார்.

மறு பேச்சில்லாமல் அதை வாங்கினேன்.

அத்தோடு விட்டாரா? எழுத்தின் லட்சணம் எதிர்ச்சாரியிலிருந்து பார்த்தால்தான் தெரியும் என்று அந்தத் தாளைக் கடைக் கதவில் ஒட்டிவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று ரசித்தார். ரசித்துவிட்டு அப்படியே சாப்பிடப் போய்விட்டார். எங்கள் ஊரில் மத்தியானம் கடை மூடித் தூங்குவது வழக்கம். கதவில் இருப்பதைக் கவனிக்காமல் நானும் மூடிவிட்டு மாடியில் படுத்துவிட்டேன். மீன் விற்க வந்த ஓர் அம்மா, மாமியார் ஊர்க்காரர், மூடின கடையையும் கதவில் இருந்த சேதியையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, கூடையோடு அழுதுகொண்டே தவளக்குப்பம் பஸ் ஏறியிருக்கிறார்.

சாயங்காலம் தெருவில் ஒப்பாரிச் சத்தம். யாரோ பாவம் என்று கொட்டாவி விட்டபடி கீழே வந்து கதவைத் திறந்தேன். மாமியார், கையில் ஆளுயர ரோஜா மாலை, பின்னால் ஒரு வேன் நிறைய ஜனம்.

“மாப்ள, நீங்க இருக்கீங்களா?” என்றார். அப்புறம் அங்கேயே சரிந்து உட்கார்ந்து, வரும் வழியெல்லாம் அழுததைவிட அதிகமாக அழுதார். வேறு எழுத்தில் போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாராம்.

எதிர்ச்சாரியில் நின்றிருந்த முசே மெல்ல வந்து அந்த மாலையைத் தொட்டுப் பார்த்தார். “பொய்ச் சேதிய ஒருத்தராவது நம்பி அழுதா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க. நீ குடுத்து வச்சவன் தம்பி” என்றார்.

இது ஊருக்குள் பரவிவிட்டது. கோரிமேடு ஆஸ்பத்திரியில் ஆள் கிடந்தால் சொந்தக்காரர்கள் பொய் அஞ்சலி அடிக்க நேரே என் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். முசே அந்த ஒற்றை ஃபான்ட்டில் மட்டும்தான் போடுவார். தாள் வந்ததும் புறங்கை வைப்பார். சூடு இருக்குது என்பார். அவர் அப்படிச் சொல்லி அனுப்பியவர்கள் பலர் எழுந்து நடந்து வந்து என்னிடமே விசிட்டிங் கார்டு அடித்தார்கள்.

முசே தன் பெயரை மட்டும் போட விட்டதே இல்லை. போன மாசம் அவரே கோரிமேட்டில் படுத்தபோது, கோட்டு இல்லாமல் கிழிந்த துணியாகக் கிடந்தார். மனசு கேட்காமல், உங்களுக்கும் ஒன்று போட்டுவிடுகிறேன் என்றேன்.

“யாரு தம்பி எனக்கு நம்பி அழுவா? ஃபான்ட்டு வீணாப்போவும்.”

கேட்காமலே போட்டுவிடுவது என்று கடைக்கு வந்து உட்கார்ந்தேன். ‘கண்ணீர் அஞ்சலி’ அடித்து, கீழே ‘அஞ்சலி முசே’ என்று அடிப்பதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துவிட்டது.

மெஷின் எத்தனையோ மாறியும் அந்த நல்ல ஃபான்ட்டைக் கூடவே கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் கை அதன்மேல் போகவில்லை. அதில் போட்டால் அவர் போய்விட்டார் என்று நானே நம்பிவிடுவேன். சென்னைக்காரர் அன்றைக்கு இனாமாக விட்டுப் போன சர்க்கஸ் எழுத்தைத் தேடி எடுத்து, அதில் போட்டேன். இதை எமனே நம்பமாட்டான் என்று அன்றைக்குச் சிரித்த கௌரி வந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தாளை ஒருமுறைதான் படித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். சூடு இருந்தது, முசே.