மண்டபத்துக்கு ஒரு நன்றியுரை

அடுத்தவன் வாயை அரசியல் எப்படி அடைக்கிறது என்று ஆராயப் போகிறவன் கையில் யாரும் மைக்கைக் கொடுத்துவிடக் கூடாது. என் கையில் கொடுத்தார்கள்.

அப்போது தனுவச்சபுரம் கல்லூரியில் எம்.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தேன். (படித்தேன் என்பதைவிட, பஸ்ஸில் போய் வந்தேன் என்பதே சரி.) ஆய்வுக்கு நான் எடுத்த விஷயம்: அதிகாரத்தில் இருப்பவர்கள் சில பிரச்சினைகளைப் பேச்சிலேயே வரவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள். தடை வேண்டாம், மிரட்டல் வேண்டாம். பேச்சு அந்தப் பக்கம் திரும்பாமல் இருந்தால் போதும். கேட்கவே கெத்தாக இல்லையா? வீட்டில் விளக்கினேன். அம்மா மீன் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்பம் நம்ம ஓடைக் காரியம் மாதிரியாக்கும்?"

"இது தியரி அம்மா. ஒனக்கு மனசிலாவாது."

ஓடைக் காரியம் இதுதான். எங்கள் வீட்டை ஒட்டி ஓடுகிற ஓடையைக் கொஞ்சம் கீழே மண்ணடித்து மூடி, தங்கையன் முதலாளி கல்யாண மண்டபம் கட்டிவிட்டார். பெருமழை என்றால் தண்ணீர் போக வழியில்லாமல் திரும்பி எங்கள் அடுக்களைக்குள் வரும். கிராம சபையில் பேசியே தீருவேன் என்று அம்மா மழைக்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் அதே கூட்டத்துக்குத்தான் ஆராய்ச்சிக்குப் போனேன்.

கூட்டம் நடந்த இடம், அதே மண்டபம். வாடகை கிடையாது, ஃபேன் உண்டு, பழம்பொரியும் (நேந்திரம்பழ பஜ்ஜிதான்) சாயாவும் முதலாளி செலவு. அவர் பழம்பொரியைக் கடித்துக்கொண்டு அவர் மண்டபத்தைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆராய்ச்சியாளன் இதைக் கவனித்திருக்க வேண்டும். ஆராய்ச்சியாளன் இன்னொரு பழம்பொரி கிடைக்குமா என்று கவனித்துக்கொண்டிருந்தான்.

மெம்பர் ராஜமணி அண்ணன் தெரு விளக்கைப் பற்றி வெகுநேரம் பேசினார். அம்மா எழுந்தாள்.

"மெம்பறே, எனக்கு ஒரு காரியம் உண்டு."

"கடைசியில சொல்லலாம் அக்கா, இரிங்க."

அப்புறம் தென்னங்கன்று கொடுத்தார்கள். வாங்கியவர்கள் கன்றும் கையுமாகக் கிளம்ப, பாதி நாற்காலி காலி. அம்மா மறுபடி எழுவதற்குள் மெம்பரின் கண் என் மேல் விழுந்தது.

"எலே மக்கா, படிச்ச பிள்ளையில்லா நீ! வந்து நன்றி சொல்லு பாப்பம்."

எங்கள் ஊரில் சர்ச் கூட்டமோ கோயில் கமிட்டியோ, நன்றியுரை தொடங்கிவிட்டால் கதை முடிந்தது. அதற்கு மேல் யாரும் பேசக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மைக்கைப் பார்த்ததும் எம்.ஏ. மறந்துவிட்டது.

மெம்பருக்கு நன்றி சொன்னேன். மைக் செட்டுக்காரருக்குச் சொன்னேன். தென்னங்கன்றுக்கும் சொன்னேன் (கன்று கொடுத்தவருக்கு அல்ல, கன்றுக்கே). அந்த நேரம் பார்த்து வெளியே மழை கொட்டியது. அடடா, பாயின்ட்!

"இந்த மழையில நம்ம மேல ஒரு துளி வெள்ளம் விழாம காக்குத இந்த மண்டபத்தைக் கெட்டின முதலாளிக்கு..."

கைதட்டல் காதைப் பிளந்தது. நடுவில் அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். மகனைப் பாராட்டுகிறாள் போல என்று நானும் பதிலுக்குக் கையாட்டினேன்.

"எலே, எனக்குப் பேசணும்லே!"

மெம்பர் மைக்கை வாங்கிக்கொண்டு சிரித்தார். "நன்றி சொல்லியாச்சுல்லா அக்கா. அதும் உங்க மவனாக்கும் சொன்னது. ஓடையெல்லாம் அடுத்த தடவை பாப்பம்."

அந்தக் கூட்டத்தில் அம்மா ஓடை என்ற வார்த்தையை அதுவரை உச்சரிக்கவே இல்லை.

வீட்டுக்கு வந்தால் அடுக்களையில் கணுக்கால் அளவு தண்ணீர். அப்பா என் தங்கையோடு பெஞ்சின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ஆராய்ச்சி எப்படிலே உண்டு?" என்றார். அம்மா வாளியை நீட்டினாள்.

பேர் சொல்லாமல் இதையே ஆய்வில் எழுதினேன். என் கைடு ரொம்ப ரசித்தார். "பிரமாதமான உதாரணம். அந்த நன்றி சொன்ன பையனைப் பேட்டி எடுத்தீங்களா?"

"அவன் கொஞ்ச நாளா யார்கிட்டயும் பேசுறதில்ல சார்."

ஓடையை இன்னும் திறக்கவில்லை. இப்போதும் பெருமழை வந்தால் வாளி என் கைக்குத்தான் வரும். ஆனால் உடனே குனிய முடியாது.

"நில்லுலே," என்பாள் அம்மா. "முதல்ல முதலாளிக்கு நன்றி சொல்லு. பின்ன தண்ணியக் கோரி ஊத்தினா போரும்."

சொல்வேன். அப்பாவும் தங்கையும் பெஞ்சில் உட்கார்ந்து கைதட்டுவார்கள்.