மண்ணுக்குள் கரண்டு விட்ட மாமா மருமகனுக்கு எழுதியது

தூத்துக்குடி,
சர்வதாரி வருஷம் ஆவணி மாதம் 12ந் தேதி.

கொழும்புச் சீமையில் கடை நடத்தி, கடலுக்கு அக்கரையிலும் நம் குலத்தின் கீர்த்தியைப் பரப்பிவரும் சிரஞ்சீவி மருமகன் வன்னியபெருமாளுக்கு, தாய்மாமன் சிவனணைந்தபெருமாள் ஆயிரத்தெட்டு ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. இங்கே நானும், உன் அத்தை இசக்கியம்மாளும், உன் அம்மாவும், வெள்ளாடும் சௌக்கியம். தோட்டத்தைப் பற்றி மட்டும் அப்படிச் சொல்வதற்கில்லை. உன் சௌக்கியத்துக்கு உடனே எழுதவும். சாப்பாட்டைக் குறைக்காதே, கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்தாகிவிட்டது.

நீ போன மாதம் எழுதிய பதினோரு பக்கக் கடிதம் வந்து சேர்ந்தது. அதில் பத்தரைப் பக்கம் எட்டயபுரம் பருத்தி வியாபாரி வீரபாகு அண்ணாச்சியின் மகள் முத்துக்கனியைப் பற்றியும், அரைப் பக்கம் என் மூட்டுவலியைப் பற்றியும் இருந்தது. கட்டினால் அந்தப் பெண்ணைத்தான், இல்லையென்றால் கொழும்பிலேயே தாடி வளர்த்துக்கொண்டு கிடப்பேன் என்று எழுதியிருந்தாய். அப்பா இல்லாத பிள்ளைக்கு மாமன்தானே பெண் பேசவேண்டும். பேசுகிறேன். ஆனால் கடைசி வரியில், "மாமா, தயவுசெய்து எதையும் கூட்டிச் சொல்லிவிடவேண்டாம்" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருந்தாயே, அது நியாயமா? என்னைப் பார்த்து இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. சொன்னவர்கள் மிஞ்சிப்போனால் ஒரு ஏழெட்டாயிரம் பேர் இருப்பார்கள்.

நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டாமல்தான் வீரபாகு அண்ணாச்சிக்கு எழுதினேன். அவர் பதில் எழுதினார்: "பையன் யோக்கியன் என்று விசாரித்துவிட்டேன். கொழும்பை விட்டு வந்து தூத்துக்குடியில் கடை போடப்போகிறான் என்கிறீர். பெண்ணை எங்கே வைப்பீர்? உம்முடைய வீட்டில் கருப்பட்டிச் சிப்பத்துக்குப் போக மிச்ச இடத்தில்தான் மனுஷர் படுப்பதாகக் கேள்வி." இது ஒரு பருத்திக்காரர் கருப்பட்டிக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா? எனக்கு வந்த ஆத்திரத்தில் பேனாவை எடுத்தேன். சின்னஞ்சிறுசுகளுக்கென்று தோட்டத்தில் தனி வீடே இருக்கிறது, தட்டினால் வெளிச்சம், திருகினால் குடிதண்ணீர், அழுத்தினால் மணி அடித்துக் காப்பி வரும், ஒரு கம்பியோ குழாயோ கண்ணில் படாது, அத்தனையும் லண்டன் அரண்மனையில் இருப்பதுபோல் பூமிக்குள்ளேயே ஓடுகிறது என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டேன். அந்தத் தனி வீடு எது என்று உனக்குத் தெரியும். ஓலைப்பெட்டி அடுக்கி வைக்கிற கொட்டில். அதற்குள் ஓலைப்பெட்டிகளும், ஓலைப்பெட்டிகளைத் தின்று ஜீவிக்கும் வெள்ளாடும் குடியிருந்தன. மறுதபாலில் பதில் வந்தது. "கண்ணில் படாததை நான் நம்புவதில்லை. ஆவணி பத்தாந் தேதி நேரில் வந்து பார்க்கிறேன். நீர் எழுதியபடி இருந்தால் பெண் உம்முடைய வீட்டுக்கு. இல்லாவிட்டால் இனிமேல் எனக்குக் கடிதம் எழுதவேண்டாம்."

பன்னிரண்டு நாள் இருந்தது. ராமபிரான் பாலம் கட்டுவதற்குக்கூட இதைவிட அவகாசம் இருந்திருக்கும், போதாததற்குக் குரங்குகளும் கூட இருந்தன. எனக்கு வாய்த்தது வயர்மேன் செந்தில்வேல் ஒருவன்தான். சண்டைக்காலத்தில் துறைமுகத்தில் பட்டாளத்துக்கு வேலை பார்த்தவன். பட்டாளம் விட்டுப்போன ஈயம் போர்த்திய கேபிள் அவனிடம் இருந்தது. அவன் கொட்டிலைப் பார்த்தான், வீட்டைப் பார்த்தான், நடுவில் இருக்கும் எழுபதடி மணலைப் பார்த்தான், கடைசியில் என்னைப் பார்த்தான்.

"ரெண்டு கம்பம் நட்டு மேல கொண்டுபோனா ஒருநாள் வேலை அண்ணாச்சி. மண்ணுக்குள்ளன்னா இரும்புக் குழாயில விட்டுப் புதைக்கணும். ஜாயிண்டுல ஒரு சொட்டுத் தண்ணி எறங்கிச்சுன்னா பியூஸ் போவும். பியூஸ் போகலைன்னா நீரு போவீரு."

"கடுதாசியில மண்ணுக்குள்ளன்னு எழுதியாச்சேடே."

"அப்ப தோண்டும்."

தோண்டினோம். நம்மூர் மணலைப் பற்றி உனக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு அடி தோண்டினால் இரண்டு அடி சரிந்து உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். முத்துச் சலாபத்தில் நூறு தோணி ஒரு மாதம் குளித்து எடுக்கிற சிப்பியை நான் ஒரு காலைப் பொழுதில் நம் தோட்டத்தில் எடுத்தேன், முத்து மட்டும் இல்லை. மூன்றாவது அடியில் தண்ணீர் பொங்கியது. கடல் தண்ணீரே அதைக் குடித்துப்பார்த்தால் முகம் சுளிக்கும், அவ்வளவு உப்பு. உப்பளத்துக்காரர் யாராவது எட்டிப்பார்த்திருந்தால் அங்கேயே பாத்தி கட்டியிருப்பார். கரண்டுக் குழாய், தண்ணீர்க் குழாய், மணிக்கம்பிக் குழாய் மூன்றையும் அந்தப் பள்ளத்தில் இறக்கிவிட்டுச் செந்தில்வேல் கையைக் கட்டிக்கொண்டான். ஜாயிண்டை அடைக்கிற மருந்து மெட்ராஸிலிருந்து வரவேண்டுமாம், மூன்று வாரம் ஆகுமாம்.

உன் முகம் தாடியோடு என் கண் முன்னால் வந்து நின்றது. நேரே கடற்கரைக்குப் போனேன். அங்கே மணலில் ஏற்றிவைத்த தோணிக்கு, ரிப்பேர்க்காரன் சிலுவை கலப்பத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, குங்கிலியத்தையும் மீன் எண்ணெயையும் காய்ச்சிப் பூசித் தண்ணீர் புகாமல் அடைப்பானே, அந்த வேலை. அப்போது என் மூளையில் பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. அந்த வெளிச்சத்தை அப்படியே கொட்டிலுக்குக் கொண்டுபோயிருந்தால் கரண்டே வேண்டியிருந்திருக்காது.

"சிலுவை, தண்ணி புகாம ஒரு சாமானை அடைக்கணும்."

"தோணி எங்கன கெடக்கு அண்ணாச்சி?"

"தோணி இல்ல. கரண்டு."

கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தான். "நீளம் எவ்வளவு?"

"எழுபதடி."

"பெரிய தோணிதான். வாரேன்."

மூன்று பானை மீன் எண்ணெயோடு வந்தான். ஜாயிண்டில் மட்டும் பூசினால் போதும் என்று செந்தில்வேல் சொன்னான். சிலுவைக்குக் கோபம் வந்துவிட்டது. "அங்க ஒட்டு இங்க ஒட்டுன்னு போடுததுக்கு நான் சைக்கிள் கடையா வச்சிருக்கேன்? என் கைபட்ட தோணி புயல்ல மாட்டியும் கொழும்பு போய்ச் சேந்திருக்கு. இவரு கரண்டு கொட்டில் வரைக்கும் போகாதா?" என்று கேட்டுவிட்டு, மூன்று குழாயையும் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஓரங்குலம் விடாமல், பஞ்சு சுற்றிப் பூசினான். செந்தில்வேல் மூக்கைப் பிடித்துக்கொண்டு வேலை பார்த்தான். உன் அத்தை ஜன்னலைச் சாத்தினாள். பக்கத்துத் தெருவில் ஜன்னலைச் சாத்தினார்கள். அந்த வாசம் கொழும்பில் உனக்கு வரவில்லையென்றால் உனக்கு ஜலதோஷம் என்று அர்த்தம், கஷாயம் வைத்துக் குடி.

எட்டாந் தேதி சாயங்காலம் கொட்டிலில் பல்பு எரிந்தது. வெள்ளாடு எழுந்து நின்று பார்த்தது. மணியையும் அழுத்திப் பார்த்தோம், அடுக்களையில் கணகணவென்று அடித்தது. உன் அத்தை கரண்டியோடு வந்து, "மணி அடிச்சா வாரதுக்கு நான் என்ன கோயில் யானையா?" என்று கேட்டாள். நான் உன் பெயரைச் சொன்னேன். கரண்டியை இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். உன்மேல் அவளுக்கு அவ்வளவு பிரியம். பிறகு ஓலைப்பெட்டிகளை அப்புறப்படுத்தி, பள்ளத்தை மூடி, பலகையால் இழுத்து மட்டம் பண்ணி, மேலே கீரைவிதையும் தூவிவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பூமாதேவிக்கே தன் வயிற்றுக்குள் குழாய் இருப்பது தெரிந்திருக்காது.

ஆனால் நாய்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பதாந் தேதி விடிந்து பின்கதவைத் திறந்தேன். கடற்கரை நாய், ரயிலடி நாய், கறிக்கடை நாய் என்று ஜில்லாவில் நாலு கால் உள்ள பிரஜைகள் எல்லாரும் ஆஜர். சாயர்புரத்திலிருந்து நடந்தே வந்த நாய்கள் சில களைப்பாக இருந்தன. ஒரு செவலை நாய் கயத்தாறு என்று நினைக்கிறேன், வழி கேட்டுக் கேட்டு வந்த முகம். நாங்கள் ஐந்து நாள் தோண்டியதை அவை ஒரு ராத்திரியில் தோண்டியிருந்தன. அதுவும் எவ்வளவு ஒழுங்காக. கொத்தனார் நூல் பிடித்ததுபோல் வீட்டிலிருந்து கொட்டில் வரைக்கும் எழுபதடி, ஒரு சாண் இப்படி அப்படிப் போகாமல். மூன்று குழாயும் பளபளவென்று கிடந்தன, நாய்கள் எண்ணெயை நக்கித் துடைத்துவிட்டிருந்தன. வரப்பில் காகமும் பூனையும் தங்கள் முறைக்குக் காத்திருந்தன. ஒருநாள் இருக்கிறதே, மூடிவிடலாம் என்று மண்வெட்டியை எடுத்தபோது பின்னால் ஒரு செருமல் கேட்டது. திரும்பினால், மடித்த குடையும் கறுத்த மீசையுமாக வீரபாகு அண்ணாச்சி.

"நாளைக்குல்லா வாரதா எழுதியிருந்திய?" என்றேன்.

"சொன்ன நாளைக்கு வந்தா ஜோடிச்சு வச்சிருப்பீரு. அதான் இன்னைக்கே வந்தேன். என்ன வே இது?"

என் நாக்கு எழுபதடிக் குழாய்க்குள் போய் ஒளிந்துகொண்டது. உன் தாடி நெஞ்சு வரை வளர்ந்து காற்றில் ஆடியது. ஆனாலும் பரம்பரை வாய் கைவிடவில்லை. "நீங்க பாக்கணும்னுதான் தெறந்து வச்சிருக்கோம்."

"நாய்?"

"காவல்."

அவர் வேட்டியை மடித்துக் கட்டினார். குடையால் நாய்களை விலக்கிக்கொண்டு, மெயின் சுவிட்சிலிருந்து கொட்டில் வரை பள்ளத்தை ஒட்டியே நடந்தார். இரண்டடிக்கு ஒருதரம் குனிந்து குடைக்காம்பால் குழாயை டங்கென்று தட்டினார். ஒவ்வொரு தட்டும் என் நெஞ்சில் விழுந்தது. கொட்டில் வாசலில் போய் நின்று மூச்சை நன்றாக இழுத்து விட்டார்.

"போன வருஷம் ஒருத்தன் பொண்ணு கேட்டு வந்தான் வே. அவன் வீட்டுக்குப் போனா அறைக்கு அறை பல்பு தொங்குது. தட்டுனா எரியல. கம்பி எங்கலேன்னு கேட்டேன், மண்ணுக்குள்ளன்னான். தோண்டிப் பாத்தா மண்ணுதான் இருந்துச்சு. உம்ம கடுதாசியிலயும் மண்ணுக்குள்ளன்னு வாசிச்சதும், சரி, இவரு அவனுக்குச் சேக்காளின்னு நெனச்சிட்டேன். தோண்டிப் பாக்க மம்பட்டி கொண்டாந்திருக்கேன். வண்டியில கெடக்கு."

நான் வண்டியை எட்டிப்பார்த்தேன். கிடந்தது, புதுப் பிடி போட்டு.

"உம்ம நாய்க எனக்கு வேலை மிச்சம் பண்ணிட்டுதுவ," என்றார்.

பிறகென்ன. சுவிட்சைத் தட்டினார், எரிந்தது. குழாயைத் திருகினார், தண்ணீர் வந்தது, கூடவே லேசாகச் சாளை மீன் வாசமும் வந்தது. ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "கடக்கரை ஊர்த் தண்ணி வேற எப்படி இருக்கும்," என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். மணியை அழுத்தினார், உன் அத்தை முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் காப்பி கொண்டுவந்தாள். அதிசயித்துப்போய் மறுபடி அழுத்தினார். மறுபடி காப்பி. மூன்றாவதும் வந்தது. நான்காவது தடவை அவள் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, கரண்டு பாலு கறக்காது."

வீரபாகு அண்ணாச்சி சிரித்தார். எட்டயபுரத்தில் அவரோடு முப்பது வருஷம் வியாபாரம் செய்தவர்கள்கூட அந்தப் பற்களைப் பார்த்ததில்லையாம். "பொண்ணு இந்த வீட்டுக்குத்தான்," என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். ஆக, ஆவணி முப்பதில் பரிசம், ஐப்பசியில் கல்யாணம். முத்துக்கனிக்கு உன்மேல் எப்படியோ என்று கவலைப்படாதே. நீ கண்டியில் தோட்டம் வாங்கியிருப்பதாக நான் சொன்னதை அவள் நம்பவில்லையாம், ஆனாலும் சம்மதமாம். புத்திசாலிப் பெண். நம் தோட்டத்து வீடு என் கல்யாணச் சீராக உனக்கே. வெள்ளாட்டை வெளியேற்றியாகிவிட்டது. குழாய்களை மறுபடி மூடியிருக்கிறோம், இந்தத் தடவை வேப்பெண்ணெய் ஊற்றி. உடனே கப்பலேறி வா.

அத்தையின் ஆசீர்வாதமும், அம்மாவின் ஆனந்தக் கண்ணீரும், செந்தில்வேலின் சலாமும், கல்யாணப் பந்தலுக்கும் கலப்பத்துப் பார்த்துத் தருவதாகச் சிலுவை சொன்ன வாக்கும் இதோடு அனுப்பியிருக்கிறேன். எட்டுத் திக்கும் உன் பெயர் சொல்ல, நீயும் உன் பெண்டாட்டியும் ஆலமரமாய்த் தழைத்து, அந்த வீட்டில் நூறு வருஷம் விளக்கெரிய வாழவேண்டும்.

இப்படிக்கு, உன் பிரியமுள்ள மாமன்,
சிவனணைந்தபெருமாள்.

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும் சமயத்தில் வாசலில் வண்டிச் சத்தம். வீரபாகு அண்ணாச்சிதான். மெத்தை, வெற்றிலைச் செல்லம், ஒரு கறவைப் பசு சகிதம் வந்திருக்கிறார். எட்டயபுரத்துக் கரிசல் தூசியில் இளைப்பு வாங்குகிறதாம், நம் தோட்டத்தில் நின்ற ஒரு மணி நேரமும் மூச்சு சீராக இருந்ததாம். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டேன். ஆயுசு பரியந்தம் என்றார். பெண் உனக்குத்தான், அதில் மாற்றம் இல்லை. வீடு அவருக்கு. உங்கள் இருவருக்கும் பின்கட்டில் ஓர் அறையை ஒழித்துத் தருகிறேன். அந்த அறையிலிருந்த பல்பையும் சுவிட்சையும் கழற்றித்தான் கொட்டிலில் மாட்டினோம். ஆகையால், வரும்போது கொழும்பிலிருந்து நல்லதாக ஓர் அரிக்கேன் விளக்கு வாங்கி வா.