நீலம்தான் வர வேண்டும்

சோதனை செய்து முடிவைத் தெரிந்துகொள்கிறவர்கள் உலகத்தில் சிலர் உண்டு. முடிவை முதலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அப்புறம் அதற்கு ஏற்ற மாதிரி சோதனை செய்கிறவர்கள் ஏராளம். இந்த இரண்டாவது இனத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். இவர்களைப் பார்க்க நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். மாவேலிக்கரையில் நான் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடத்து உயிரியல் ஆய்வுக்கூடத்தில், வெள்ளைக் கோட்டும் கையில் சிவப்புப் பேனாவுமாகக் கைமள் சார் நின்றுகொண்டிருப்பார்.

நுண்ணோக்கியில் என்ன தெரிகிறது என்று அவர் கேட்கமாட்டார். என்ன தெரிய வேண்டும் என்று சொல்லிவிடுவார். வெங்காயத்தைத் தண்ணீரில் உட்காரவைத்து, வேர் விட்டதும் அதன் நுனியை நறுக்கி, சாயத்தில் போட்டு, லேசாகச் சூடுகாட்டி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்கிப் பார்த்தால் செல்கள் இரண்டாகப் பிரியும் அழகு தெரியும் என்கிறது பாடப்புத்தகம். தெரிந்தால் சந்தோஷம். தெரியாவிட்டால்?

"சார், எனக்கு ஒரு காத்துக் குமிழிதான் தெரியுது," என்றாள் ரஹ்னா.

"அந்தக் குமிழிக்குப் பின்னாடி எல்லாம் இருக்கு மோளே. புத்தகத்தைப் பார்த்து வரைஞ்சிடு. குமிழியை வரைஞ்சா மார்க்கும் குமிழியாத்தான் வரும்."

அவள் குமிழியையே வரைந்தாள். நிழல் கொடுத்து, அம்புக்குறி போட்டு, 'காற்று' என்று பாகமும் குறித்தாள். சார் பக்கத்திலேயே அதே அளவில் ஒரு முட்டை போட்டார்.

அடுத்த வாரம் சிறுநீரில் சர்க்கரை காணும் சோதனை. நீலநிறக் கரைசலில் மாதிரியை விட்டுச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இல்லையென்றால் நீலம் நீலமாகவே இருக்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, மிஞ்சிப்போனால் செங்கல் நிறம். இதற்கு இரண்டு பாட்டில்கள். ஒன்றில் சார் தம் கையாலேயே குளுக்கோஸ் கலந்திருப்பார். மற்றதில் சர்க்கரை இல்லாத சுத்தமான சரக்கு. அதைக் காலங்காலமாக நன்கொடையாக அளித்துவருபவரும் அவரேதான்.

"மாவேலிக்கரை முழுக்கத் தேடினாலும் இதைவிடச் சுத்தமானது கிடைக்காது டீச்சரே," என்று ஆசிரியர் அறையில், நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த என் பங்குப் பழம்பொரியையும் எடுத்துக்கொண்டு, பெருமையாகச் சொல்லுவார். எனக்கு அதற்குப் பிறகு பழம்பொரி வேண்டியிருக்காது.

அந்தச் சுத்தமான பாட்டில் ரஹ்னாவின் குழாயில் செங்கல் நிறம் காட்டியது.

"குழாயைக் கழுவினியா?"

"கழுவினேன் சார்."

"அந்தப் பாட்டில்ல முக்கின டிராப்பரை இதுல முக்கியிருப்பே."

"இல்ல சார்."

"அப்ப திரும்பச் செய்."

செய்தாள். செங்கல். அந்த வரிசை முழுக்கவே செங்கல்தான். ஆனால் மற்றவர்கள் விவரம் தெரிந்தவர்கள். சத்தமில்லாமல் குழாயைத் தொட்டியில் கொட்டிவிட்டு 'நீலம்' என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"சார், எனக்கு நீலம்!" என்று குழாயைத் தூக்கிக் காட்டினான் ஜிபின்.

"பாத்தியா! அவனுக்கு மட்டும் எப்படி வந்தது?"

எப்படி வந்தது? அவன் அடுப்பையே பற்றவைக்கவில்லை.

"நீலம்னு எழுது ரஹ்னா."

"சிவப்பா இருக்கே சார்."

"இருக்கலாம். ஆனா இருக்கக் கூடாது."

அவள் பேனாவை மூடிவைத்தாள். "சார், இது யாரோடதோ, அவங்ககிட்ட யாராவது சொல்ல வேண்டாமா?"

யாருடையது என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

சார் நேரே என்னிடம் வந்தார். கரைசல் தயாரித்தவள் நான் அல்லவா? "உங்க கரைசல் கெட்டுப்போச்சு டீச்சரே." வெறும் தண்ணீரை விட்டுச் சூடாக்கிக் காட்டினேன். நீலம். அவருடையதை விட்டேன். செங்கல். பள்ளிக்கூடத்துக் கிணற்றைச் சந்தேகித்தார். பாட்டிலைச் சந்தேகித்தார். கடைசியில் பழம்பொரியைச் சந்தேகித்தார்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக உறைத்தது. பாட நடுவில் அடிக்கடி வெளியே போகிறாரே என்று கேட்டால், மழைக்காலம் என்பார். கூஜா கூஜாவாகத் தண்ணீர் குடிக்கிறாரே என்றால், சாக்பீஸ் தூசி. சட்டை தொளதொளக்கிறதே? தையல்காரன் ஏமாற்றிவிட்டான். சாயங்காலம் அவர் மனைவி இந்திராபாயைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"குளிமுறில, கக்கூஸ் ஓரமா, எறும்பு வரிசை கட்டி வருதுன்னு நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன் டீச்சரே," என்றாள். "கொத்தன் சிமெண்டுல என்னத்தையோ கலந்துட்டான்கிறார்!"

மறுநாள் காலை அவரை இழுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். வந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சார் கேட்டாராம், "மெஷினைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?"

டாக்டர் அலட்டிக்கொள்ளவில்லை. "மெஷின் நல்லாத்தான் இருக்கு சாரே. இப்படியே விட்டிருந்தா அடுத்த தடவை உங்களைத் தூக்கிட்டுத்தான் வந்திருப்பாங்க."

திரும்புகிற வழியில் ஆட்டோவில் மருந்துச் சீட்டை இரண்டு தடவை கீழே போட்டார் என்றாள் இந்திராபாய். ஆட்டோ குலுங்கியது என்றார் சார்.

விடுப்பு முடிந்து வந்ததும் ரஹ்னாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"அந்தப் பாட்டில்காரர்கிட்ட சொல்லியாச்சு."

"இப்ப எப்படி இருக்கார் சார்?"

"மருந்து சாப்பிடறார். பழம்பொரியை விட்டுட்டார்." சிவப்புப் பேனாவைத் திறந்தார். "கஷ்டமாத்தான் இருக்காம்."

அவள் எழுதியிருந்த 'செங்கல் நிறம்' என்பதற்குக் கீழே முழு மதிப்பெண் போட்டார். தலைப்புக்குக் கோடு போடவில்லை என்று அரை மதிப்பெண்ணைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? இப்போது தினமும் காலையில் விரலில் குத்தி, சின்னக் கருவியில் சர்க்கரை பார்க்கிறார். எண் நன்றாக வந்தால் கருவி அருமையான கருவி. கூடுதலாக வந்தால் வேறு விரலில் குத்துகிறார். நல்ல விரல் எது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார் என்கிறாள் இந்திராபாய்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சந்தேகம். ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது மட்டும் பாகற்காய் தின்று, பாயசத்தைப் பார்க்காதது போல் நடந்துபோனவர் யார்? எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏறி, எண்ணைப் பார்த்துத் திடுக்கிட்டு, தரைதான் கோணல் என்று அதைப் படுக்கையறைக்குத் தள்ளிக்கொண்டுபோய், கைக்கடிகாரத்தைக் கழற்றிவைத்து, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இதோ, மறுபடியும் ஏறி நிற்பவர்?

இறங்குங்கள். முதலில் காட்டியதுதான் சரி.