தடங்கல் நிலையாக நில்லாதது பற்றி

அக்கரப்பத்தனை,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்புக்குரிய விரிவுரையாளர் செல்வரத்தினம் ஐயா அவர்களுக்கு, தங்கள் மாணவி வினோதாவின் தகப்பன் பொன்னையா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மழை, மற்றபடி சுகம். தாங்கள் அங்கே நனையாமல் சுகமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன். கடிதமும் அந்தப் பிள்ளையார் விசயமாகத்தான்.

பிள்ளை தங்களிடம் மீட்டரை இரவல் வாங்கி வந்து, ஒரு பச்சை அட்டையைப் பத்து நாளாக மீட்டர் ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. அட்டைக்குள் கரண்டு பரவ ஒரு செப்புத் தகடு இருக்கிறதாம். எப்போது தொட்டாலும் ஒரே எண் வரவேண்டுமாம். வருவதில்லை. "ஏம்மா மூஞ்சி வாடிக் கெடக்கு?" என்று கேட்டேன். "தடங்கல் ஒரு நெலையில நிக்க மாட்டேங்குதுப்பா. காலையில ஒன்னு, மத்தியானம் ஒன்னு. முடிவ திங்கக்கெழம குடுக்காட்டி இந்த வருசம் பாஸ் இல்ல" என்றது. ஐயா, தடங்கல் என்றால் நாங்கள் போகும் இடம் ஒன்றுதான். அன்றிலிருந்து தினமும் விடியமுன் கோயிலுக்குப் போய்ச் சந்தனம் வாங்கி வந்து, பிள்ளை முகம் கழுவப் போகும் நேரம் பார்த்து அட்டையில் பொட்டு வைத்தேன். அதில் தங்க நிறத்தில் நாலு வட்டம், பொட்டுக்கென்றே விட்ட இடம் மாதிரி இருந்தது. என் சம்சாரம் காளியாயி, "கரண்டு சாமான்ல ஈரத்த வைக்கிறீங்களே, அறிவிருக்கா?" என்றாள். "பெக்டரியில அத்தன மெசினுக்கும் நான்தானே பொட்டு வைக்கிறேன், ஒன்னாவது நின்னுச்சா?" என்று வாயை அடைத்தேன். நின்றதுண்டு, அது வேறு.

நேற்றுப் பிள்ளை தன் தோழி பிரேமினியோடு போனில் பேசியபோதுதான் தெரிந்தது: தடங்கல் என்பது கரண்டுக்கு ஏற்படும் மறிப்புக்குப் புத்தகத்தில் வைத்த பெயராம். ஊசி தொடுவதும் அந்த நாலு வட்டத்தைத்தானாம். "தொடுற எடத்துல கொஞ்சம் அழுக்கு இருந்தாலே எண் ஆடும்டி" என்றது. பிள்ளையிடம் சொல்லத் தைரியமில்லை. குற்றம் என்னுடையது ஐயா. பிள்ளைக்கு வருகிற திங்களுக்கு மேல் ஒரு கிழமை, ஏழே நாள், தவணை தாருங்கள். காரணம் கேட்டால் மழை என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் வீட்டில் எந்தத் தடங்கலும், எங்கள் கருத்தில் உள்ள தடங்கல், வராமலிருக்கட்டும்.

இப்படிக்கு,
பொன்னையா

பி.கு.: உறையில் முத்திரை ஒட்டும்போது பிள்ளை கடிதத்தை எடுத்துவிட்டது. வாசித்து முடியும்வரை நான் அடுப்படியில் நின்றேன். பொட்டு விசயம் இரண்டாம் நாளே தெரியுமாம்; தினமும் துடைத்துவிட்டுத்தான் அளந்ததாம். குளிரில் கை நடுங்கி வயர் அசைந்ததுதான் காரணமாம். இன்று காலை உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் வயரை மேசையோடு பிடித்ததும் எண் அசையாமல் நின்று, போனில் அனுப்பிய முடிவும் தங்களுக்கு வந்து சேர்ந்திருக்குமாம். "அப்ப ஏம்மா பொட்டு வைக்காதீங்கன்னு சொல்லல?" என்றேன். "அந்தக் குளிர்ல எனக்காக எந்திரிச்சுப் போறீங்க, எப்படிப்பா வேணாங்கிறது?" என்றது. ஆகவே தவணை வேண்டாம் ஐயா. முத்திரை ஒட்டியாகிவிட்டதால் அனுப்புகிறேன். மேலே எழுதியிருப்பதைத் தயவுசெய்து வாசிக்க வேண்டாம்.