ஜீவகாருண்யரின் குரங்கு ஊர்வலம்

மனிதர்களில் ஜீவகாருண்யர் என்று ஓர் இனம் உண்டு. வாயில்லா உயிர்களிடம் அன்பாக இருப்பவர்களைச் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பாட்டுக்கு நாய்க்கு மிச்சச் சோற்றை வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? இங்கே சொல்ல வருவது, வாயில்லா உயிர்களிடம் அன்பாக இருக்கவேண்டும் என்று வாயுள்ளவர்களுக்கு எடுத்துச் சொல்வதற்காகவே அவதரித்தவர்களை.

அடையாளம் காண்பது சுலபம். நடு ரோட்டில் ஒரு நாய் அடிபட்டுக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண மனிதன் ஒன்று அதைத் தூக்குவான், இல்லாவிட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவான். ஜீவகாருண்யர் இரண்டையும் செய்யமாட்டார். நிற்பார். செருப்பில் ரத்தம் படாத தூரமாகப் பார்த்து நின்று, குடையை ஊன்றி, நாலு பேர் சேரும்வரை பொறுத்திருந்து, சேர்ந்ததும் பஸ் டிரைவர்களின் திமிரையும் நகராட்சியின் மெத்தனத்தையும் காந்தி பிறந்த நாட்டுக்கு வந்த கேட்டையும் வரிசையாக எடுத்துச் சொல்லி, கடைசியில் பெருமூச்சோடு, "யாராவது ஏதாவது செய்யணுங்க" என்று முடிப்பார். அந்த யாராவது யார்? அது இன்றுவரை தெரியவில்லை. நிச்சயமாக ஜீவகாருண்யர் இல்லை. பேச்சு முடிவதற்குள் நாயே எழுந்து மூன்று காலில் நொண்டியபடி கூட்டத்தை விட்டுப் போயிருக்கும்.

ஜட்கா வண்டியில் ஏறினால், "குதிரைய அடிக்காதப்பா, பாவம்" என்பார். கொஞ்ச தூரம் போனதும், "கூட்டத்துக்கு லேட்டாவுது, சீக்கிரம் ஓட்டேன்" என்பார். குதிரை எந்தப் பேச்சைக் கேட்பது?

திருவண்ணாமலை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலத்தில், எழுபதுகளின் கடைசியில், இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவர் தேரடி வீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தார். பெயர் தசரதன். அருணாசல ஜீவகாருண்ய சங்கத்தின் தலைவர். சங்கத்தை ஆரம்பித்தவரும் அவரே, தலைவராக அவரை முன்மொழிந்தவரும் ஏறக்குறைய அவரே. சங்கத்துக்கு ஒரு போர்டு இருந்தது, ரப்பர் ஸ்டாம்பு இருந்தது, வருஷாவருஷம் ஆண்டு விழா இருந்தது. காப்பாற்றப்பட்ட பிராணி என்று ஒன்றுதான் இல்லை.

அதற்குத் தசரதன் என்ன செய்வார்? பிராணிகள் ஒத்துழைக்கவில்லை. முதல் ஆண்டு விழாவில் ஒரு பசுவை மேடையேற்றி மாலை போட்டார்கள். அது மாலையைத் தின்றுவிட்டு, வாழ்த்துரை நடந்துகொண்டிருக்கும்போதே மேடையில் சாணி போட்டது. மறு வருஷத்திலிருந்து பசுவின் படத்துக்கு மாலை போடுவது என்று தீர்மானமாயிற்று. இன்னொரு சமயம், காலொடிந்த நாயைச் சாக்கில் அள்ளப் போன சங்கச் செயலாளர் காசியை நாய் கடித்து வைத்தது. சேர், மைக் செட் வாடகைக்கு விடும் அந்த நல்ல மனிதர் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டு, ஒரு மாதம் மைக்கைத் தூக்கமுடியாமல் கிடந்தார். இப்படிப் பட்டுப் பட்டுத் தசரதனுக்கு உள்ளூர ஒரு ஞானம் வந்திருந்தது. வெளியே சொல்லமாட்டார். பிராணி சேவைக்குப் பெரிய இடைஞ்சல், பிராணிகளுக்கு இருக்கும் உயிர்தான்.

அந்த நிலைமையில்தான் ஒரு காலை, கோயில் வாசலில் குரங்குகளுக்குப் போட வேர்க்கடலை விற்கும் பாஞ்சாலை கடைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, கரண்டு கம்பியில அடிபட்டு ஒரு கொரங்கு உழுந்துட்ச்சிண்ணா. தேராண்ட கெடக்குது. அசையவே இல்ல."

தசரதன் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அசையவே இல்லை என்ற வார்த்தை அவர் மனசுக்குள் தேன் மாதிரி இறங்கியது.

குரங்கு என்றால் சும்மாவா? நாய் செத்தால் குப்பை வண்டி. குரங்கு செத்தால் ஆஞ்சநேயர். குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, நாற்காலியில் உட்கார்த்தி, மேளதாளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் புதைப்பார்கள். புதைத்த இடத்தில் கல் வைப்பார்கள், அப்புறம் கீற்றுக் கொட்டகை, அப்புறம் கோயில். கோயில் சுவரில் கல்வெட்டு. கல்வெட்டில் பெயர். ஆண்டு விழா நோட்டீஸ் மறுநாளே பஜ்ஜி மடிக்கப் போய்விடும். கல்வெட்டு எங்கே போகும்? தேர் நிலைக்குப் போய்ச் சேருவதற்குள் தசரதன் மனசில் கும்பாபிஷேகமே முடிந்திருந்தது.

பாஞ்சாலை சொம்பில் தண்ணீரோடு நின்றாள். "மூஞ்சில கொஞ்சம் தெளிச்சிப் பாக்கலாமாண்ணா?"

"தெய்வத்து மேல தண்ணி தெளிக்கறதா? மொதல்ல ஒரு மாலை கொண்டா" என்றார் தசரதன்.

அவ்வளவுதான் சோதனை. தலைவரே மாலை கேட்டுவிட்ட பிறகு, செத்ததா இல்லையா என்று தொட்டுப் பார்க்க அந்தக் கூட்டத்தில் யாருக்குத் துணிச்சல் வரும்? காசி தன் கடையின் கை வைத்த நாற்காலி ஒன்றைக் கொடுத்தார். தண்ணீர் தெளிப்பதோடு குளிப்பாட்டலும் கைவிடப்பட்டது. நெற்றி நிறையக் குங்குமத்தோடு குரங்கை உட்காரவைத்து, சரியாமல் இருக்க மஞ்சள் துணியால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினார்கள். மேளத்துக்குச் சடையன் வந்துவிட்டார். வேர்க்கடலையை மொத்தமாக வாங்கி விற்கும் மணிலா மண்டி ஆதிமூலமும் வந்தார். அவர் வந்ததுதான் பெரிய விஷயம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் அவருக்கு நிலம் இருந்தது.

"ரோட்டோரமா கொஞ்சம் எடம் உட்டுத் தரேன்யா. ஆஞ்சநேயர அங்கயே அடக்கம் பண்ணு. கோயில நீயே கட்டிக்க" என்றார் ஆதிமூலம். தசரதனுக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை, நிஜமாகவே கலங்கியது.

ஸ்டூடியோக்காரர் போட்டோ எடுக்க வந்தார். குரங்கின் அருகே குனிந்து, மாலையைச் சரிசெய்வது போலக் கையை வைத்துக்கொண்டு, துக்கமும் கம்பீரமும் சம அளவில் முகத்துக்கு வருவதற்காகத் தசரதன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் பார்த்தார். மாலையிலிருந்த ஒரு ரோஜா மேலே ஏறியது. கீழே இறங்கியது. மறுபடி ஏறியது.

காற்று, என்று சொல்லிக்கொண்டார். காற்று இல்லை. உள்ளங்கையை மாலைக்கு அடியில் விட்டார். குரங்கின் வயிறு வெதுவெதுப்பாக இருந்தது. அசைந்தது.

இந்த இடத்தில் ஒரு ஜீவகாருண்ய சங்கத் தலைவர் துள்ளிக் குதிக்கவேண்டாமா? உயிர் இருக்கிறது, தண்ணி கொண்டா, வண்டி கொண்டா என்று கத்தவேண்டாமா? தசரதனும் வாயைத் திறக்கத்தான் திறந்தார். எதிரே ஆதிமூலம் அங்கவஸ்திரத்தோடு நிற்கிறார். சடையன் மேளத்தை வெயிலில் காட்டிச் சூடேற்றிவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். இத்தனை பேரிடமும் போய், மன்னிக்கணும், இது சாகவில்லை என்று எந்த முகத்தோடு சொல்வது? நல்லவர்களை ஏமாற்றுவது பாவமில்லையா? தசரதன் வாயை மூடிக்கொண்டார்.

"காசி, இன்னொரு மாலை குடு. நல்லா தடியா இருக்கட்டும்" என்றார். அதைப் போட்டதும் ரோஜா அசைவது தெரியவில்லை.

ஊர்வலம் கிளம்பியது. வழியில் மாட்டாஸ்பத்திரி. அதைத் தாண்டும்போது, வெறும் பழக்கதோஷத்தால், தசரதன் கையை உயர்த்தி மேளத்தை நிறுத்தினார். "உள்ள நோயாளி ஜீவனுங்க இருக்குது. சத்தம் வேணாம்."

எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். மேளம் நின்றது, பேச்சு நின்றது. அந்த அமைதியில் நாற்காலியிலிருந்து மெல்ல, பல்வலிக்காரர் தூக்கத்தில் முனகுவதைப் போல, ஒரு முனகல் வந்தது.

"அடிங்கப்பா, அடிங்க" என்றார் தசரதன்.

சடையன் அடித்தார். ஆஸ்பத்திரி வாசல் கதவு பின்னால் போயிற்று. தசரதன் கொடுமைக்காரர் இல்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். உயிரோடு புதைக்கப்போகிறோம் என்பது முதல்முறையாக அப்போதுதான் அவருக்குள் முழுசாக உறைத்தது. கூடாது, கூடவே கூடாது, குழியில் இறக்குவதற்கு முன்னால் எப்படியாவது இதைத் தடுக்கவேண்டும் என்று உறுதியாக நினைத்தார். யாராவது தடுக்கவேண்டும்.

ஆதிமூலத்தின் நிலத்தில் குழி தயாராக இருந்தது. நாற்காலியை இறக்கி வைத்தார்கள். தசரதன் பேசினார். வழக்கத்தைவிட நீளமாகப் பேசினார். அன்பு என்றார், கருணை என்றார், சுண்டெலியும் நம் சகோதரன் என்றார். நீட்டிக்கொண்டே போனால் குரங்கு தானாக எழுந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை. அதற்குள் அதுவே அடங்கிவிடும் என்று இன்னொரு நம்பிக்கை. இரண்டில் எதை வேண்டிக்கொண்டார் என்று அவரைக் கேட்டால் அவருக்கே தெரியாது. பேச்சு தீர்ந்ததுதான் மிச்சம்.

வாய்க்குப் பால் ஊற்றவேண்டும். தலைவரின் சம்சாரம் என்பதால் சந்திரகலாதான் முதலில் வந்தாள். கணவரின் சங்க விவகாரங்களில் தலையிடாத பெண். கூட்டத்துக்குக் காப்பி போட்டுக் கொடுப்பதோடு சரி. சொம்பைச் சாய்த்தாள். கொஞ்சம் ஊற்றினாள். நிறுத்தினாள். மறுபடி ஊற்றினாள்.

"ஏங்க, குடிக்குதுங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"அது வழியுது. குடிக்கல."

"தொண்ட ஏறி எறங்குதுங்க. உயிர் இருக்குது."

"தெரியும், கொஞ்சம் சும்மா இரு."

சந்திரகலா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "தெரியுமா?"

அவ்வளவுதான் கேட்டாள். தசரதன் சட்டைப் பொத்தானை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, மஞ்சள் துணியின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். மாலைகளைக் கழற்றிக் குழியில் போட்டாள். குரங்கு கண்ணைத் திறந்து கூட்டத்தைப் பார்த்தது, குமட்டியது, குடித்த பாலையெல்லாம் தலைவரின் வேட்டிமேல் வாந்தி எடுத்தது. அதன் ஒரு கை கருகியிருந்ததை அப்போதுதான் ஊர் பார்த்தது.

அற்புதம் என்று கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டிருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒருவரும் போட்டுக்கொள்ளவில்லை. எல்லோர் மூஞ்சியும் தொங்கிப்போயிற்று. கடைசியில் சடையன்தான் தசரதன் பக்கத்தில் வந்து, "இப்ப இன்னா அடிக்கறதுங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சாவுக்கு ஓர் அடி இருக்கிறது, கல்யாணத்துக்கு ஓர் அடி இருக்கிறது. சாகாமல் போனதற்கு யார் மேளம் அடித்திருக்கிறார்கள்?

"உசுரோட இருக்கறதுக்கு எடம் எதுக்குய்யா?" என்று சொல்லிவிட்டு ஆதிமூலம் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "கடைய வேற சாத்திட்டு வந்தோம்" என்று யாரோ முணுமுணுத்தார். சாகாத குரங்கின்மேல் ஊருக்கே கோபம்.

சந்திரகலா குரங்கை அந்த மஞ்சள் துணியிலேயே சுற்றி இடுப்பில் ஏற்றிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குத் திரும்பி நடந்தாள். பாஞ்சாலை கூடப் போனாள். மற்றவர்கள் யாரும் போகவில்லை. மேளம் இல்லாத ஊர்வலத்தில் போய் என்ன செய்வது?

குரங்கு பிழைத்தது. ஒரு கை மட்டும் கோணலாகிப்போயிற்று. சந்திரகலா அதற்கப்புறம் சங்கக் கூட்டத்துக்குக் காப்பி போடவில்லை; தசரதன் ஹோட்டலிலிருந்து தருவித்துக்கொண்டார். தவறு நடந்ததை அவர் ஒத்துக்கொள்ளாமலும் இல்லை. அடுத்த வாரமே சங்கத்தின் போர்டுக்குக் கீழே புதிதாக ஓர் அறிவிப்பு தொங்கியது: "விபத்தில் சிக்கிய பிராணிகளைப் பற்றிச் சங்கத்துக்குத் தகவல் தரும் அன்பர்கள், அவை முழுமையாக இறந்துவிட்டனவா என்பதை உறுதி செய்துகொண்டு வரவும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தசரதனைப் பார்த்துச் சிரிக்காமல் வேறு யாரைப் பார்த்துச் சிரிப்பது? ஆனால் ஒன்று. குரங்கின் வயிறு அசைந்தது அந்தக் கூட்டத்தில் தசரதனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள். அவர் பார்த்த அதே நிமிஷம் நீங்களும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, மாட்டாஸ்பத்திரி வழியாக, முனகலைக் கேட்டுக்கொண்டே, குழி வரைக்கும் ஊர்வலத்தோடு கூடவே வந்தீர்கள். வழியில் குரங்கு எழுந்துவிட்டால் வேடிக்கை சப்பென்று போய்விடுமே என்று உங்களுக்கு ஓர் இடத்திலும் தோன்றவில்லையா? தோன்றவில்லை என்றால் சந்தோஷம். தோன்றியது என்றால், தலைவர் கடையில்தான் இருக்கிறார். சங்கத்தில் உங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லலாம்.