போண்டியாக்கில் கேட்கும் விசில்

வயண்டாட், மிச்சிகன்
ஆகஸ்ட் 11, ஞாயிறு

மதிப்புக்குரிய லொரெய்ன் அத்தைக்கு,

டெரெக் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அம்மா சுகம், நான் சுகம், நாயும் சுகம். டொலிடோவில் நீங்களும் உங்கள் புது முழங்காலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் கொடுத்தனுப்பிய பியரோகிக் கொழுக்கட்டையில் ஒன்றுகூட மிச்சமில்லை. மரியாதைக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். இனி உங்கள் தம்பி விஷயம்.

போனில் சொல்லியிருப்பேன். ஆனால் இந்த வீட்டில் இப்போது எல்லோரும் கத்தித்தான் பேசுகிறோம், கத்திக்கொண்டே ரகசியம் சொல்ல முடியாது. ஏப்ரல் மாதம் அப்பா தன் 1970 போண்டியாக் ஜி.டி.ஓ. காரில் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் கேட்கிறது என்றார். ஃபேன் பெல்ட் என்றார், மாற்றினார். போகவில்லை. ஆல்டர்னேட்டர் என்றார், அதையும் மாற்றினார். கார்புரேட்டர் அடியில் காற்று கசிகிறது என்று கேஸ்கட்டை மாற்றி, பிறகு அதற்கும் கீழே உள்ள கேஸ்கட்டை மாற்றி, ஜூலைக்குள் மூன்று முறை முழு இன்ஜினையும் வெளியே இறக்கி ஏற்றிவிட்டார். அக்கம்பக்கத்தில் எவனுக்கும் அந்த விசில் கேட்கவில்லை. எனக்கும் கேட்கவில்லை. கார் எழுப்பும் சத்தத்தை அளப்பதுதான் என் சம்பள வேலை என்பது உங்களுக்குத் தெரியும். அதைச் சொன்னால், "இன்ஜினியர் சாருக்குக் கம்ப்யூட்டர் சொன்னாத்தான் காது கேக்கும்" என்கிறார்.

அப்பாவுக்கு ஐம்புலனும் கருவிப்பெட்டி, அத்தை. புகையை முகர்ந்து பார்த்துப் பெட்ரோல் அதிகமா குறைவா என்று சொல்வார். தரையில் சொட்டுவதைத் தொட்டு நாக்கில் வைத்து, "இனிக்குது, ரேடியேட்டர் தண்ணிதான்" என்பார். அது விஷம் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஓடுகிற இன்ஜினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குழிக்குள் அழுத்தி, டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், அதுவும் சைலன்ஸரைக் கழற்றிவிட்டு. எட்டு சிலிண்டர் அத்தை! என் மீட்டரில் நூற்றுப் பதினாறு டெசிபல் காட்டியது. அந்தச் சத்தத்தில் அரை நிமிஷம் வெறுங்காதோடு நிற்பதே தப்பு, இவர் கம்பி வைத்து மூளைக்குள் இறக்குகிறார்.

போன கிறிஸ்துமஸுக்கு நான் அவருக்கு ஒரு பெட்டி நிறையப் பாதுகாப்புச் சாமான் வாங்கிக் கொடுத்தேன். காதுக் கவசத்தை கராஜ் சுவரில் மாட்டி, அதற்குள் நட்டும் போல்ட்டும் போட்டு வைத்திருக்கிறார். பாதுகாப்புக் கண்ணாடியைப் போடுகிறார், நெற்றியில். அப்படியே கம்பி பிரஷ் சக்கரத்தில் துரு தேய்த்தார். தெறித்த கம்பி ஒன்று புருவத்தில் குத்தி நின்றது. அம்மா இடுக்கியால் பிடுங்கும்போது, "பாத்தியா, கண்ணுல படலயே" என்று அவளிடமே பெருமை பேசுகிறார். மஞ்சள் நிறத்தில் பஞ்சு போன்ற காதடைப்பான் இருநூறு ஜோடி இருந்ததே, அது என்னாயிற்று? காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்கிறேன் என்று அதை ஒவ்வொன்றாகக் கார்புரேட்டர் ஓட்டைகளில் சொருகினார். ஒன்றை இன்ஜின் உறிஞ்சி விழுங்கிவிட்டது. ஆக இந்த வீட்டில் காதடைப்பான் போட்டுக்கொண்ட ஒரே ஜீவன் அந்த இன்ஜின்தான்.

தகடு அடிக்கும் ஆலையில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவர். அங்கேயும் இதே கதைதான் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். மேற்பார்வையாளர் வந்தால் கவசம் காதில், அவர் முதுகைத் திருப்பினால் கழுத்தில். பக்கத்து ஆளோடு பேசணுமே!

இதெல்லாம்கூடப் போகட்டும் என்று விட்டிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை ரயில் கேட்டருகே வண்டி போகிறது. மணி அடிக்கிறது, சரக்கு ரயில் ஊதுகிறது, அப்பா நிதானமாக அடுத்த கியரைப் போடுகிறார். பக்கத்தில் இருந்த அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி நடைபாதை மேல் ஏறி நின்றது, தடுப்புக்கட்டை பானெட் மேல் விழுந்தது. "என்னடி பைத்தியக்காரி, பெயின்ட் போச்சு!" என்றாராம். அம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இன்று காலை நான் முடிவு கட்டிவிடலாம் என்று மீட்டர், மைக், லேப்டாப் எல்லாம் கொண்டுபோய் கராஜில் வைத்தேன். முக்கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு மூலைமுடுக்கெல்லாம் அளந்தேன். என் கவசம் கழுத்தில்தான் தொங்கியது, அவரோடு வாக்குவாதம் செய்ய வேண்டுமே. விசில் என்று எதுவும் பதிவாகவில்லை. காட்டினேன். "உன் மீட்டருக்குக் காது மந்தம்" என்றார். சாவியைத் திருப்பி அணைத்தேன்.

"இப்ப?"

"இப்பவும் கேக்குது."

பேட்டரி ஒயரைக் கழற்றிக் கையில் எடுத்துக் காட்டினேன். "இப்ப கேக்கவே கூடாதுப்பா. வண்டி செத்துப்போச்சு."

அப்பா தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் நின்றார். விடுவிடுவென்று வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போனார். நானும் அப்பாடா, மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று காத்திருந்தேன். திரும்பி வந்து, "டேய், தெருமுனை வரைக்கும் கேக்குதுடா. எவ்ளோ பெரிய கசிவு பாரு!" என்றார்.

இவருக்குப் புரியவைக்க நான் இதற்கு மேல் என்ன படிக்க வேண்டும், அத்தை?

காது டாக்டரிடம் வியாழன் காலை பத்து மணிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன். இது மூன்றாவது தடவை. முதல் இரண்டையும் அவரே ரத்து செய்துவிட்டார். சனிக்கிழமை பழைய வண்டிகளின் ஊர்வலம், ஆறு மணி நேரம், முன்னும் பின்னும் சைலன்ஸர் இல்லாத நூறு வண்டிகள், நடுவில் அவர். அதற்கு முன் பார்த்தாக வேண்டும். அந்தக் காலத்தில் சிக்னலுக்குச் சிக்னல் விட்ட கார் பந்தயத்தில் அவரைத் தோற்கடித்த ஒரே ஆள் நீங்கள்தான், உங்கள் ஷெவெல் காரில். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறார். உங்கள் பேச்சுக்குத்தான் அவர் பயப்படுவார். புதன்கிழமையே வந்து நன்றாக நாலு திட்டு திட்டி, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போங்கள். அந்தக் காதையே.

மாமாவுக்கு என் அன்பு. உங்கள் ஆசி எனக்கு எப்போதும் வேண்டும். கூடவே பியரோகியும்.

தங்கள் அன்புள்ள,
டெரெக்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டுவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்தேன். மெல்லிசாக ஒரு சத்தம். அம்மாவிடம் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். "ஃபேன் ஓடவே இல்லியேடா" என்றாள். ஃபிரிஜ் பிளக்கைப் பிடுங்கினேன். கராஜுக்குப் போய் பானெட்டைத் திறந்தேன், பேட்டரி ஒயர் நான் கழற்றிய இடத்திலேயே கிடக்கிறது. பின்னால் வந்து நின்ற அப்பா என் முகத்தைப் பார்த்தார். "கேக்குதா? உனக்கும் கேக்குதா? நான்தான் சொன்னேன்ல!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார். ஏப்ரலிலிருந்து அவரை இவ்வளவு சந்தோஷமாக நான் பார்க்கவில்லை. வியாழன் பத்து மணிக்கு எனக்கும் சேர்த்து ஆன்லைனில் நேரம் வாங்கியாயிற்று. அப்பா வருகிறேன் என்று சொல்லிவிட்டார், எனக்குத் துணையாக. ஆகவே யாரையும் திட்ட வேண்டாம், ஆனால் அவசியம் வாருங்கள். வண்டியை அவர்தான் ஓட்டுவாராம், வழியில் அந்த ரயில் கேட் வருகிறது, வண்டிக்குள் ஒரு நல்ல காதாவது இருக்க வேண்டும்.