பூட்டிக்குப் பிறந்த இரண்டாவது மகள்

நாய் வளர்ப்பவர்களை உங்களுக்குத் தெரியும். மீசை வளர்ப்பவர்களையும் தெரியும். பூட்டி வளர்ப்பவர்களைத் தெரியுமா? தெரியாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாரிசின் லாச்சப்பல் மெற்றோ வாசலில் இறங்கி, மரக்கறிப் பையோடு வருகிற யாரையாவது நிறுத்தி, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். சாதாரண மனிதன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுத் தன் வழியே போய்விடுவான். பூட்டி வளர்ப்பவர் போகமாட்டார். பையைக் கீழே வைப்பார், தொண்டையைச் செருமுவார், மேலே பாலத்தில் மெற்றோ கடகடவென்று போய் முடியும்வரை பொறுத்திருப்பார், பிறகு, "அந்த ஊரே எங்கடை பூட்டி வெட்டினதுதான்" என்று ஆரம்பிப்பார். அன்றைக்கு அவர் வீட்டிலும் கறி இல்லை, உங்கள் வீட்டிலும் இல்லை.

பூட்டி என்றால் பாட்டியைப் பெற்றவள். இந்த இனத்தாருடைய பூட்டிகள் எல்லாரும் ஒரே அச்சு. ஒருத்தியும் காய்ச்சலில் படுத்து, பிள்ளை பெற்று, மருமகளோடு சண்டை பிடித்து, வயது போய்ச் செத்ததாகச் சரித்திரம் கிடையாது. எல்லாரும் இளம் வயதில் தாலியறுத்தவர்கள். இடுப்பில் ஒரு பிள்ளையும் கையில் ஒரு கத்தியுமாகக் காட்டுக்குள் இறங்கியவர்கள். பற்றை வெட்டி, பாம்படித்து, குளம் கட்டி, கோவிலுக்கு முதல் கல்லும் வைத்து, ஒரு ஊரை உண்டாக்கிய பிறகுதான் கண்ணை மூடியவர்கள். அப்படியானால் அந்தக் காலத்தில் வீட்டில் இருந்து கஞ்சி காய்ச்சியது யார்? கேட்காதீர்கள். அதற்கும் அவரிடம் பதில் இருக்கும்.

எண்பதுகளின் நடுவில் பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், உச்சி மாடி அறையொன்றில் இருந்த அம்புறோஸ் இந்த இனத்தில் கலப்பில்லாத மாதிரி. மன்னார்ப் பக்கத்து ஆள், முப்பத்தைந்தைத் தாண்டியும் கல்யாணம் ஆகாதவர், ஒரு பிரெஞ்சு உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினார். மேலே இருந்தவர்களுக்கு அவருடைய பெயர் வாயில் நுழையவில்லை. நுழைக்க யாரும் முயலவும் இல்லை. விரலைச் சொடுக்கினால் வந்தார். நாள் முழுவதும் அடுத்தவன் சாப்பிட்ட தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிதனுக்கு, ஊரை உண்டாக்கிய ஒரு பூட்டி இருப்பது பெரிய ஆறுதல். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மதலேனாள் என்ற அந்தப் பூட்டி அவரோடு பாரிசுக்கு வந்தபோது கையில் வெறும் கத்திதான் இருந்தது. முதல் குளிர்காலம் முடியுமுன் அது கோடரியாயிற்று. அடுத்த மாதா திருநாளுக்குள் துவக்கு வந்தது. துவக்கு வந்த பிறகு யானை வராமல் இருக்குமா? வந்தது. ஆனால் மதலேனாள் சுடவில்லை; முழந்தாளிட்டுச் செபம் சொன்னார்; யானை திரும்பிப் போய்விட்டது. இந்த இடத்தைச் சொல்லும்போது அம்புறோசுக்குக் கண் கலங்கும். நடிப்பல்ல, உண்மையாகவே கலங்கும்.

இப்படி இருக்கையில் அவருக்கு ஒரு கல்யாணம் பொருந்தி வந்தது. பாரிசுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் யேசுரட்ணம், புஸ்பராணி என்று ஒரு தம்பதி. புஸ்பராணியின் தங்கை மகள் சிசிலியா அவர்களோடு இருந்து தையல் வேலைக்குப் போய்வந்தாள். பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றபோது சிசிலியா அம்புறோசிடம், "உங்களுக்கு என்ன கறி விருப்பம்?" என்று கேட்டாள். பாரிசுக்கு வந்த நாளிலிருந்து அவரிடம் யாரும் கேட்காத கேள்வி. அன்றைக்கு முழுக்க அம்புறோசுக்கு யானை ஞாபகத்துக்கு வரவில்லை. அவளைக் கட்டினால் தன் வாழ்க்கை சரியாகிவிடும் என்று அவருக்குப் பட்டது. சரியாகியும் இருக்கும்.

கல்யாணப் பேச்சை முற்றாக்க அவர்களுடைய வீட்டுக்குப் போகவேண்டும். வெறுங்கையோடு போகலாமா? வேறொருவர் என்றால் ஒரு கேக் வாங்கிக்கொண்டு போய் வேலையை முடித்திருப்பார். அம்புறோசின் யோசனை வேறு. புஸ்பராணியின் தாயைப் பெற்றவர் யாரென்று அந்தக் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. புஸ்பராணியின் தாய் சின்ன வயதிலேயே தன் தாயை இழந்து, எங்கேயோ வளர்ந்தவராம். இதைப் புஸ்பராணி பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதே அம்புறோசுக்குக் கை துறுதுறுத்தது. அங்கே பூட்டியின் இடம் காலியாகக் கிடக்கிறது. இங்கேயோ யானையைத் திருப்பி அனுப்பிய பூட்டி. ஆளுக்குப் பாதி எடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆராய்ச்சி இல்லாமல் அவர் எதையும் சொல்பவர் அல்லர். புறநகர்ப் பக்கம் பொண்டிக்குப் போய், பாரிசிலிருந்த ஊர்க்காரருக்குள் வயது கூடிய லாசரைப் பிடித்தார். லாசர் தொலைக்காட்சியில் சைக்கிளோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பு, எங்கடை பூட்டிக்கு அம்மம்மாவை விட இன்னுமொரு மகளும் இருந்திருக்கலாமோ?"

"இருந்திருக்கலாம்" என்றார் லாசர், சைக்கிளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொண்டியில் ரயில் ஏறும்போது 'இருந்திருக்கலாம்' ஆக இருந்தது, பன்ரானைத் தாண்டும்போது 'இருந்திருக்கவேண்டும்' ஆயிற்று, கார் து லெஸ்ற் நிலையத்தில் இறங்கும்போது 'இருந்தார்' என்று முடிந்துவிட்டது. மாடிப்படி ஏறி முடியுமுன், அந்த மகள் புஸ்பராணியின் தாயேதான் என்பதில் அம்புறோசுக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒரே ஒரு இடைஞ்சல். ஒற்றைக் குழந்தையோடு தாலியறுத்தவருக்கு இரண்டாவது பிள்ளை எங்கிருந்து வரும்? ஆகவே மதலேனாளின் கணவரை இன்னும் கொஞ்சக் காலம் உயிரோடு வைத்திருக்க வேண்டி வந்தது. வைத்திருந்தார்.

ஓல்னேயில் ரோல்சும் தேநீரும் வந்தன. அம்புறோஸ் தொடங்கினார். பற்றை, பாம்பு, குளம், யானை, எல்லாம் ஒழுங்காக வந்து, கடைசியில் அந்த இரண்டாவது மகளும் வந்தாள். புஸ்பராணி முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"எனக்கு அப்பவே தெரியும். எங்கடை அம்மாவின்ரை நடையிலை ஒரு எடுப்பு இருந்தது."

யேசுரட்ணம் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர்; ஆனால் முறை விசயத்தில் வலு கவனம்.

"தம்பி, அப்ப உங்கடை அம்மம்மாவும் இவவின்ரை அம்மாவும் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி."

"ஓம் மாமா."

"அப்ப உங்கடை அம்மாவும் இவவும் சகோதரியள்."

"ஓம் மாமா. அதைத்தானே நான் இவ்வளவு நேரமும் சொல்லுறன்."

"அப்ப நான் உமக்கு மாமா இல்லை. சித்தப்பா."

தோடம்பழச் சுளை ஒன்று யேசுரட்ணத்தின் வாய்க்குள் போயிற்று. அக்கா தங்கையின் பிள்ளைகள் சகோதரங்கள் என்றால், அவர்களுடைய பிள்ளைகளும் சகோதரங்கள். நேற்றுவரை அந்நியனாக இருந்து கல்யாணத்துக்குப் பொருத்தமானவர், தன் வாயாலேயே தன்னைப் பெண்ணுக்கு அண்ணனாக்கி முடித்திருந்தார். குருவானவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டிவைத்தாலும் புஸ்பராணி கண்ணை மூடமாட்டார்.

அம்புறோஸ் கோப்பையைக் கீழே வைத்தார். ஆனால் இந்த இனம் லேசில் விழாது.

"கூடப்பிறந்தவ எண்டு அறுதியாச் சொல்லேலாது. மதலேனாள் காட்டிலை கண்டெடுத்து வளத்த பிள்ளையாயும் இருக்கலாம்."

"கண்டெடுத்ததோ?" புஸ்பராணி எழும்பிவிட்டார். "எங்கடை அம்மாவையோ? பற்றைக்குள்ளையோ?"

கிடைத்து ஒரு தேநீர் குடிக்கிற நேரம்கூட ஆகாத வீர அம்மம்மாவைப் பறித்துக்கொண்டால் யாருக்குத்தான் பொறுக்கும்? அவர் சொன்னவற்றை எல்லாம் இங்கே எழுத முடியாது. எல்லாம் அடங்கிய பிறகு, அதுவரை கதவோரம் நின்ற சிசிலியா முன்னால் வந்தாள்.

"இஞ்சை பாருங்கோ. அந்த ரெண்டாவது மகள் உண்மையா இருந்தவவோ, இல்லாட்டி நீங்களா யோசிச்சதோ? யோசிச்சது எண்டால் சொல்லுங்கோ. நான் கோவிக்க மாட்டன்."

இதைவிட அகலமாக ஒரு கதவை யாராலும் திறந்துவிட முடியாது. யோசித்தது என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்புறோஸ் வாயைத் திறந்தார். சிசிலியாவின் முகத்தைப் பார்த்தார். அவருக்கு அவள் வேண்டும், அவ்வளவு வேண்டும். ஆனால் இரண்டாவது மகள் போனால் அடுத்து யானையைக் கேட்பார்கள். யானை போனால் துவக்குப் போகும், கோடரி போகும், கடைசியில் மதலேனாள் யாரோ ஒருத்தியாக அடுப்படியில் போய்க் குந்துவார். பிறகு அம்புறோஸ் யார்? விரலைச் சொடுக்கினால் வருகிற ஆள்.

"ஆராய்ச்சி அப்பிடித்தான் சொல்லுது" என்றார்.

சிசிலியா அவர் முன்னாலிருந்த வெறுங்கோப்பையை எடுத்தாள்.

"சரி அண்ணை" என்றாள்.

அடுத்த வருடம் சிசிலியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மடுத்தீன், குளிர்சாதனப் பெட்டி திருத்துகிறவன், தாத்தாவின் பெயரே சரியாகத் தெரியாதவன். பெண்ணைக் கோவிலுக்குள் கூட்டிப்போவது யார் என்று பேச்சு வந்தபோது, சகோதரம் பாரிசிலேயே இருக்கையில் தான் கூட்டிப்போவது முறையல்ல என்று யேசுரட்ணம் ஒதுங்கிவிட்டார். இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு அம்புறோஸ் அவளுடைய கையைப் பிடித்து, பீடம்வரை நடந்து, மடுத்தீனின் கையில் ஒப்படைத்தார். அவருக்குக் கண்ணீர் நிற்கவே இல்லை. தங்கையைப் பிரிகிற அண்ணனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்தப் பழக்கம் இல்லை, நல்லது. ஆனால் இதை வாசித்துக்கொண்டு வரும்போது, 'அம்புறோசின் பூட்டி சும்மா கதை, எங்கள் குடும்பத்தில்தான் உண்மையிலேயே ஒருத்தி இருந்தாள்' என்று ஒரு நினைப்பு உங்களுக்குள் ஓடியதா இல்லையா? ஓடியிருந்தால் வெட்கப்பட வேண்டாம், சொல்லுங்கள், கேட்க ஆட்கள் இருப்பார்கள். அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பதில் மட்டும் கொஞ்சம் கவனமாக இருங்கள்.